நாலு நாள், நாலு வாட்ச்: கொடைக்கானல் மேல்மலைக் குறிப்புகள்

முதல் நாள், வியாழன். பூம்பாறை

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு செத்துப்போன வாட்ச். போன மே மாதம் கூக்கால் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது என் டிஜிட்டல் வாட்சின் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி பிடித்தது. மழைகூட இல்லை, வெறும் மூடுபனி. அரை மணி நேரத்தில் எண்கள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. மத்தியானத்துக்குள் மொத்தமாக வெளுத்துவிட்டது. 50 மீட்டர் தண்ணீர் தாங்கும் என்று முதுகில் பொறித்திருந்த வாட்ச் அது.

ஊருக்கு வந்து பின்மூடியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு கடையில் செல் மாற்றியிருந்தேன். மூடியைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும், அதில் மெல்லிய ரப்பர் வாஷர் ஒன்று உட்கார்ந்திருக்கவேண்டும். அது பள்ளத்தை விட்டு விலகி, ஓரிடத்தில் மூடிக்கு அடியில் நசுங்கி, தலைமுடி கனத்துக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. செல் மாற்றியவர் மூடியைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தத் தலைமுடி இடைவெளி போதும், பழனி மலைப் பனிக்கு.

அன்றிலிருந்து எட்டு மாதமாக வாட்சுகளைப் பற்றிப் படித்துக்கொண்டே இருக்கிறேன், வாங்கியபாடில்லை. வீட்டில் பொறுமை போய்விட்டது. சரி, கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று முடிவெடுக்க முடியாது, மலையில் கட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று இந்த ஜனவரியில் நாலு நாள் லீவு போட்டுவிட்டு மதுரையிலிருந்து கிளம்பினோம்.

ஆள் மூன்று, வாட்ச் நாலு. மாப்பிள்ளை (மனைவியின் தம்பி) கையில் ஜிபிஎஸ் வைத்த ஸ்மார்ட் வாட்ச். சித்தப்பா கையில் எச்எம்டி ஜனதா, வேலை நிரந்தரமான வருஷம் வாங்கியது, தினமும் காலையில் சாவி கொடுக்கவேண்டும். என் இடது கையில், அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கிய உயரமானி வாட்ச்: காற்றழுத்தம், உயரம், திசை மூன்றும் காட்டும். வலது கையில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு நானே வாங்கிய கேசியோ எஃப்-91டபிள்யூ. செத்ததற்குப் பதிலாக அவசரத்துக்கு வாங்கியது. 1989-ல் வந்த மாடல், இன்னும் விற்கிறது, எடை 21 கிராம். இரண்டு கையிலும் வாட்ச் கட்டியவனுக்கு வத்தலக்குண்டு டீக்கடையில் என்ன மரியாதை கிடைக்கும் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

அதற்கு முன் கொடை ரோடு ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பத்து ரூபாய்க்குப் பிளாட்பார டிக்கெட் எடுத்து உள்ளே போய், மஞ்சள் பலகையின் கீழே சிறிதாக எழுதியிருக்கும் கடல் மட்ட உயரத்தைப் பார்த்து இடது கை வாட்சில் அதையே வைத்தேன். "ரயில் ஏறாம டிக்கெட் எடுக்குற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார் சித்தப்பா.

காரணம் இருக்கிறது. இந்த வாட்சுக்கு உயரம் தெரியாது, காற்றின் கனம்தான் தெரியும். மேலே போகப் போக அழுத்தம் குறையும், குறைந்ததைக் கணக்குப் போட்டு உயரமாகக் காட்டும். எங்கிருந்து கிளம்பினோம் என்று நாம் சொல்லிக் கொடுத்தால்தான் அதற்குக் கணக்கே தொடங்கும்.

காட் ரோட்டில் வளைவுக்கு வளைவு எண் ஏறியதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. வெள்ளி நீர்வீழ்ச்சியில் காரை நிறுத்தி மக்காச்சோளம் தின்றபோதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் பூம்பாறைச் சாலையில் திரும்புமுன் சூரிய ஆய்வகத்தின் வாசலில் நின்று பார்த்தால், 2,235 மீட்டர் காட்டியது. 1901-லிருந்து சூரியனைப் படம் பிடித்துவரும் அந்த ஆய்வகத்தின் உயரம் 2,343 மீட்டர். வாசல் கொஞ்சம் கீழே என்று தள்ளுபடி கொடுத்தாலும் நூறு மீட்டர் பக்கம் உதைக்கிறது.

"ஓட்டை வாட்சா மச்சான்?" என்றான் மாப்பிள்ளை. இல்லை. கடல் மட்டத்தில் 15 டிகிரி, மேலே போகப் போக ஒரு கணக்காகக் குளிரும் என்று வைத்துக்கொண்ட ஒரு சராசரிக் காற்றுக்குத்தான் இந்த வாட்சுகளுக்குச் சூத்திரம் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் மார்கழி, தையிலும் காற்று அதைவிடப் பதினைந்து டிகிரி வரை சூடு. சூடான காற்று விரிந்து கிடக்கும், அதே அழுத்தம் குறைய நாம் இன்னும் கொஞ்சம் அதிகமாக ஏறவேண்டும். ஆக நூறு மீட்டர் ஏறினால் வாட்ச் தொண்ணூற்றைந்துதான் காட்டும். இதை எந்த விளம்பரத்திலும் நான் படித்ததில்லை. ஆய்வக வாசலிலேயே எண்ணைத் திருத்திவிட்டுக் கிளம்பினோம்.

பூம்பாறை வந்து சேர்ந்தபோது படிக்கட்டு வயல்களின் மேல் வெயில் சாய்ந்திருந்தது. புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு வீட்டுக்கு வீடு கட்டுக்கட்டாய்த் தொங்குகிறது, தெரு முழுக்க அந்த வாசனை. குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு அறைக்கு வந்தால் சித்தப்பா தன் வாட்சின் கண்ணாடியில் பற்பசையைத் தடவி, வேட்டி நுனியால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் கீறல் பாதி காணோம்! பழைய எச்எம்டியில் இருப்பது கண்ணாடியே இல்லை, அக்ரிலிக் பிளாஸ்டிக். சீக்கிரம் கீறும், ஆனால் அடிபட்டால் சில்லுச்சில்லாய்ச் சிதறாது, தேய்த்தால் மீண்டும் பளபளக்கும். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கைகொடுக்க 1961-ல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை, 2016-ல் மத்திய அரசு மூடச் சொல்லிவிட்டது. அந்தப் பேச்சை எடுத்தால் சித்தப்பாவுக்கு இன்னும் முகம் மாறுகிறது. எடுக்காமல் படுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள், வெள்ளி. மன்னவனூர்

சிக்னல் இல்லை, இதைச் சனிக்கிழமைதான் ஏற்றுகிறேன்.

காலையில் புல்வெளியில் ஒரு பரீட்சை வைத்தோம். முள் வாட்சை வைத்துத் திசை பார்ப்பது எப்படி என்று எல்லா முகாம் கையேட்டிலும் இருக்கும்: சின்ன முள்ளைச் சூரியனுக்கு நேராகப் பிடி, அதற்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருப்பது தெற்கு. சித்தப்பாவின் வாட்சைக் கழற்றி, பதினோரு மணிக்கு, ஆட்டுப் பண்ணைக்கு மேலே இருக்கும் மேட்டில் வைத்துப் பார்த்தோம். இரவல் வாட்சின் திசைகாட்டியோடு ஒப்பிட்டால் இருபது டிகிரிக்கு மேல் கிழக்கே இழுத்தது.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அந்த வித்தை சூரியன் எப்போதும் தெற்கே தாழ்வாகப் போகும் ஐரோப்பா பக்கத்துக்குச் செய்தது. கொடைக்கானல் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து பத்தே டிகிரி வடக்கில். இங்கே சூரியன் பாதி நாள் தலைக்கு மேலேயே நிற்கிறது. போதாததற்கு நம் கடிகாரம் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம். ஜனவரியில் இந்தப் பக்கம் உச்சிவெயில் வருவதே பன்னிரண்டரைக்குத்தான். இது தை மாதம் என்பதால் இருபது டிகிரியோடு போனது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். மே மாத லீவில் வந்து இந்த வித்தையை நம்பிக் காட்டில் இறங்கினால், தெற்கு என்று நினைத்து வடக்கே நடக்கவேண்டியதுதான். ஆகவே முள் வாட்ச் வேண்டும், அதில் திசை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கூடாரம் அடித்தது ஒருவரின் சொந்தத் தோட்டத்தில், கேரட் எடுத்த வயலோரம். காட்டுக்குள் அடிக்க அனுமதி கிடையாது, கேட்கவும் கூடாது. இருட்டியதும் பல் தந்தியடிக்கிற குளிர். இடது கை வாட்ச் மட்டும் 27 டிகிரி என்று சாதித்தது. அது காட்டியது என் கையின் சூட்டை. கழற்றி ஒரு கல்லின் மேல் அரை மணி நேரம் வைத்ததும் 7-க்கு இறங்கியது.

தீ மூட்டி உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை, அடி தாங்கும் ஜி-ஷாக் வாட்ச் பிறந்த கதையைச் சொன்னான். கேசியோவில் வேலை பார்த்த கிகுவோ இபே என்ற பொறியாளருக்கு அவர் அப்பா கொடுத்த வாட்ச் கீழே விழுந்து உடைந்திருக்கிறது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும், 'பார்' என்ற அழுத்தக் கணக்கில் பத்து பார் தண்ணீர் அழுத்தத்திலும் தாங்கவேண்டும், செல் பத்து வருஷம் வரவேண்டும் என்று மூன்று பத்துகளை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். மூன்றாம் மாடிக் கழிப்பறை ஜன்னல் வழியாகக் கீழே போட்டுப் போட்டுச் சுமார் இருநூறு மாதிரிகள் உடைந்தன. கடைசியில் பூங்காவில் ஒரு சிறுமி பந்து தட்டி விளையாடியதைப் பார்த்து, பந்துக்கு நடுவில் மிதப்பது போல இயந்திரத்தை உள்ளே மிதக்கவிட்டால் என்ன என்று தோன்றியதாம். 1983-ல் முதல் வாட்ச் வந்தது.

"நம்ம வீட்டு மூணாம் மாடியிலிருந்து போட்டா உங்க அக்கா உடைச்சிருவா" என்றேன். சித்தப்பா சிரிக்கவில்லை, தன் வாட்சைக் காதோரம் வைத்து டிக்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தது. வாட்ச் வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை இந்த நேரத்தில் கூடாரத்துக்குள் படுத்துப் பார்க்கவேண்டும். எஃப்-91டபிள்யூவின் விளக்கு ஓரத்தில் ஒரு பச்சைப் பொட்டு, அவ்வளவுதான். எண்ணின் இடது பாதி தெரியும், வலது பாதியை யூகிக்கவேண்டும். சித்தப்பாவுடையதில் எண்களில் தடவியிருந்த பச்சை எப்போதோ செத்துவிட்டது. மாப்பிள்ளையின் ஸ்மார்ட் வாட்ச், கையைத் திருப்பினால் கூடாரம் முழுக்க டியூப்லைட் போட்டதுபோல் எரிந்து எல்லாரையும் எழுப்பும் சாதி. ஆனால் இன்று எரியவில்லை. பகல் முழுக்க ஜிபிஎஸ் ஓடியதில் பத்து மணிக்கே படுத்துவிட்டது, சார்ஜர் பூம்பாறை அறையில். இரவல் வாட்ச் மட்டும் பட்டனை அழுத்தினால் முகம் முழுக்க மிதமாக ஒளிர்ந்தது. மணி 3:10.

இன்னொன்றும் பார்த்தேன். படுக்கப்போகும்போது குறித்துவைத்த உயரத்தைவிட விடிகாலை நாலு மணிக்குக் கூடாரம் 18 மீட்டர் மேலே ஏறியிருந்தது! பேய் வேலை இல்லை. நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் காற்றழுத்தம் கடல் ஓதம் போல ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து, இரவு பத்து வாக்கில் உச்சம், நாலு மணிகளில் பள்ளம். இது தெரியாமல் புயல் வருகிறது என்று பயந்துவிடுவோம். அந்த ஏற்ற இறக்கத்தையும் தாண்டி, பத்து மணியாகியும் அழுத்தம் ஏறாமல் விழுந்துகொண்டே போனால்தான் மூட்டையைக் கட்டவேண்டும்.

மூன்றாம் நாள், சனி. கொடைக்கானல்

இன்று பெரிதாக ஒன்றும் இல்லை. கொடைக்கு இறங்கி, நாளைய நடைக்கான வனத்துறை அனுமதியையும் வழிகாட்டியையும் உறுதி செய்தோம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் மாண்டதிலிருந்து இதில் யாரும் விளையாடுவதில்லை, நல்லதுதான்.

உண்ணிச்செடிப் புதருக்குள் கையை விட்டுச் சித்தப்பாவின் தொப்பியை எடுக்கப்போய், வலது கை வாட்சின் ஸ்ட்ராப் பின் ஒன்று தெறித்துவிட்டது. பல்குச்சி கனம்கூட இல்லாத ஸ்பிரிங் வைத்த கம்பி. அரை மணி நேரம் தேடியதில் வாட்ச் கிடைத்தது, பின் கிடைக்கவில்லை. இதற்குத்தான் ராணுவத்துக்காரர்கள் ஒரே நீள நைலான் பட்டையை வாட்சின் முதுகு வழியாக ஓட்டிக் கட்டுகிறார்கள்: ஒரு பின் போனாலும் மறு பின்னில் தொங்கும். நனைந்தாலும் சீக்கிரம் காயும். தோல் பட்டை மலைக்கு ஆகாது, ஒரு மழைக்காலத்தில் செருப்புக்கடை நாற்றம் எடுத்துவிடும்.

ஏரிப் பக்கம் ஒரு கடையில் வாட்சுகளைப் பார்த்தேன். கடைக்காரத் தம்பி உயர்ந்த மாடல் ஒன்றை எடுத்து, ரேடியோ அலை வாங்கித் தானே மணி திருத்திக்கொள்ளும் என்றார். அந்த அலையை அனுப்பும் கோபுரங்கள் ஜப்பான், சீனா, அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனியில் இருக்கின்றன. கொடைக்கானலுக்கு எது எட்டும்? அதற்கும் சேர்த்துக் காசு கொடுக்க நான் தயாரில்லை. வெயிலில் சார்ஜ் ஆகும் இன்னொரு மாடலைக் காட்டினார். அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். செல் மாற்ற வேலை இல்லை, ஆகவே பல வருஷத்துக்கு யாரும் மூடியைத் திறக்கப்போவதில்லை, ஆகவே யாரும் கட்டைவிரலால் அழுத்தப்போவதில்லை. முதுகில் 200 மீட்டர் என்றிருந்தது.

இந்த மீட்டர் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 30 மீட்டர் என்றால் முப்பது மீட்டர் ஆழத்துக்கு முங்கலாம் என்று அர்த்தமில்லை. ஆய்வுக்கூடத்தில் அசையாமல் அந்த அழுத்தத்தைத் தாங்கியது என்று அர்த்தம். கை கழுவலாம், தூறலில் போகலாம். 50 என்றால் மழை பயமில்லை. அருவியில் குளிக்க, ஆற்றில் நீந்த 100-ஆவது வேண்டும். அதுவும் வாஷர் நல்லபடி இருக்கும்வரை. ரப்பருக்கு வயசாகும். வெந்நீர்க் குளியலும் அதற்கு ஆகாது. இன்று விடுதியில் வெந்நீர் வந்ததும் நான் கையைக் காலியாக்கிவிட்டுத்தான் போனேன்.

நான்காம் நாள், ஞாயிறு. வட்டக்கானல் – வெள்ளகவி – கும்பக்கரை

சித்தப்பாவுக்கு முட்டி வலி. அவர் காரில் சுற்றி வந்து கும்பக்கரையில் காத்திருப்பதாக ஏற்பாடு. "எத்தனை மணிக்கு?" என்றார். நாலு என்றேன். சாவியை முழுக்க முறுக்கிவிட்டு ஏறிக்கொண்டார்.

வட்டக்கானலில் ஏழரைக்கு இறங்கத் தொடங்கினோம். நாங்கள் போனபோதும் வெள்ளகவி கிராமத்துக்கு வண்டி போகும் ரோடு கிடையாது, அரிசி மூட்டை முதல் சிலிண்டர் வரை குதிரையிலும் தலையிலும்தான். இறக்கம் என்றால் சாதாரண இறக்கம் இல்லை, தொடை நடுங்கும். இங்கேதான் ஒன்று புரிந்தது. குச்சியை ஊன்றி மணிக்கட்டை மடக்கும்போதெல்லாம் இடது கை வாட்சின் பக்கவாட்டுப் பட்டன் புறங்கையில் குத்தியது. பத்து மணிக்குள் சிவந்து பள்ளமே விழுந்துவிட்டது. கடையில் நின்று கட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. வாங்கப் போகிறவர்கள் கடை மேஜையில் உள்ளங்கையை ஊன்றி உடம்பைச் சாய்த்துப் பாருங்கள், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்லை.

வெள்ளகவி எல்லையில் செருப்பைக் கழற்றவேண்டும், ஊரே கோயில் என்பது அவர்கள் வழக்கம். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் நடந்தோம். ஒரு வீட்டுத் திண்ணையில் காப்பி கொடுத்தார்கள், தோட்டத்துக் கொட்டையை வறுத்து அரைத்தது. அந்த அம்மாவிடம் கும்பக்கரைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "நாங்கன்னா ரெண்டு மணி நேரம். நீங்க இருட்டுறதுக்குள்ள போயிருவீக" என்று சொல்லிவிட்டு, என் கையில் இருந்த வாட்சை ஒருமுறை பார்த்தார்.

இருட்டுவது எப்போது என்பதுதான் காட்டில் வாட்சிடம் கேட்கவேண்டிய கேள்வி. இந்த வாரம் சூரியன் மறைவது 6:20 வாக்கில். ஆனால் மேற்கே மலை முதுகு இருப்பதால் இந்தச் சரிவில் வெயில் அதற்கு வெகு முன்பே போய்விடும், மரத்தடியில் ஐந்தரைக்கே மசமசப்பு. ஆகவே பின்னோக்கி எண்ணும் டைமரில் இரண்டரை மணி நேரம் வைத்தேன். அது அடிக்கும்போது காட்டின் பாதியைத் தாண்டியிருக்காவிட்டால் ஓய்வெல்லாம் கிடையாது என்று பேச்சு. எஃப்-91டபிள்யூவில் இந்த வசதி இல்லை, அதன் ஸ்டாப்வாட்சும் ஒரு மணி நேரத்துக்கு மேல் எண்ணாது. மாப்பிள்ளையுடையது டைமரும் போடும், வந்த தடத்தையும் காட்டும். இன்று பவர் பேங்க் ஒயரோடு சட்டைப்பைக்குள் படுத்தபடி காட்டியது. கட்டியிருந்த கையில் வெறும் வெள்ளைத் தழும்பு.

கீழே இறங்க இறங்கச் சூடு ஏறியது, சோலை போய் முள்காடு வந்தது. டைமர் அடித்தபோது வழிகாட்டி அண்ணன் "பாதிக்கு மேல வந்தாச்சு" என்றார். அந்த நிம்மதியில்தான் தவறு நடந்தது. ஒரு பாறையில் பின்பக்கமாக இறங்கும்போது இடது கையைத் தேய்த்துவிட்டேன். சர்ர் என்று ஒரு சத்தம். இந்த மலையின் பாறை சார்னோகைட், அதில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற படிகக்கல், வாட்சில் போடும் சாதாரண மினரல் கண்ணாடியைவிடக் கடினம். நீலக்கல் கண்ணாடியாக இருந்திருந்தால் கீறியிருக்காது, ஓங்கி அடித்தால் உடைந்திருக்கலாம். இதில் எட்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

கும்பக்கரையில் மணி 4:40. சித்தப்பா அருவிக்குப் போகும் வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, வாட்சை மட்டும் எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

பெரியகுளத்தில் பரோட்டா முடிந்து இப்போது கார் வத்தலக்குண்டைத் தாண்டிவிட்டது. வெயிலில் ஓடும் அந்த வாட்சைத்தான் வாங்கப்போகிறேன், நைலான் பட்டையோடு. உயரமானி எனக்கு வேண்டாம், மலையின் உயரம் எங்கும் ஓடிவிடாது. அது முடிவாகிவிட்டது. நாளை திங்கட்கிழமை, நண்பரிடம் வாட்சைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். சித்தப்பா முன்சீட்டிலிருந்து திரும்பி, பற்பசை போட்டுத் தேய்த்துப் பார் என்கிறார். இது அதற்கு மசிகிற கண்ணாடி இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது, நண்பருக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வருகிறேன்.